பழனியின் கை சிலிர்க்கும்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றும் நின்று யோசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நம் மோட்டார் மெக்கானிக் சங்கத்துப் பையன்கள் ஊரப்பாக்கத்தில் என் வீடு தேடி வந்தார்கள். இப்போதெல்லாம் போர்வெல்லுக்குள் கேமராவை இறக்கிவிட்டு, மேலே நிழலில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறார்கள். உள்ளே விழுந்த மோட்டார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரை தெரிகிறது. "கண்ணுக்கே தெரியாம நீங்கள்லாம் எப்படிண்ணா எடுத்தீங்க? சங்கத்து ஆண்டு மலர்ல போடறோம், எழுதிக் குடுங்க" என்றார்கள். முதலில் பழனியிடம்தான் கேட்டார்களாம். அவனுக்கு நேரமில்லையாம். என்னிடம் நேரம் இருக்கிறது. ஐம்பது தாண்டியதும் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரம் தூக்காமல் நம் தொழிலில் என்ன இருக்கிறது? வீட்டில் இருக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் கடை, அப்புறம் ஹார்டுவேர் கடை. அந்தக் கடைக்குக் கிளாம்பு வாங்க வந்தவர் சாமுவேல் அண்ணன். பைப் தூக்குவாயா என்று கேட்டார். தூக்கினேன். முதல் சில வருடங்களில் தூக்கியதைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. தோளில் தழும்பு மட்டும் இருக்கிறது.

சாமுவேல் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் சின்னக் கடை. ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஓர் இடத்துக்குப் போனால் மோட்டாரைப் பற்றி முதலில் கேட்க மாட்டார். வாட்ச்மேனிடம் போய், கடைசி நாள் தண்ணீர் எப்படி வந்தது, விக்கி விக்கி வந்ததா, கலங்கி வந்ததா, பட்டென்று நின்றதா என்று கேட்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடித்துக் குழிக்குள் திருப்புவார். அந்த வெளிச்சம் வழுக்கிக்கொண்டே இறங்கும். எட்டும் வரை பார்ப்பார். துண்டை நான்காக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் முட்டி போடுவார். உதடு அசையும். ஜெபம் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டே செய்வார். மோட்டார் வெளிச்சத்தைப் பார்க்கும் வரை டீ குடிக்க மாட்டார். நாங்களும் குடிக்கக் கூடாது.

விழுந்த மோட்டாரை எடுப்பது இப்படி. கயிற்றின் முனையில் கனமான இரும்புக் கொக்கியைக் கட்டி இறக்குவோம். இருநூறு அடிக்குக் கீழே, இருட்டில், தண்ணீருக்குள் மோட்டார் கிடக்கும். அதன் தலை மேல், தண்ணீர் ஏறும் ஓஸும் கரண்ட் கேபிளும் அறுந்து சுருண்டு கிடக்கும். கயிறு பிடித்தவன் கொக்கியை மெல்லத் திருப்பித் திருப்பித் தடவ வேண்டும். மோட்டாரின் கழுத்தில் ஓஸ் சேரும் இடத்தில் கொக்கி மாட்டினால் பிழைத்தோம். மேலே, குழிக்கு மேல் நிறுத்திய இரும்பு முக்காலியில் தொங்கும் செயின் புல்லியில் கயிற்றைக் கோத்து இழுக்கலாம். கேபிளில் மாட்டியிருப்பது தெரியாமல் இழுத்தால் கேபிள் அறுந்து, பந்தாகச் சுருண்டு, மோட்டார் தலையில் அடைப்பு மாதிரி இறுகிவிடும். அதற்கு மேல் யார் வந்தாலும் எடுக்க முடியாது. அந்த போரை மூட வேண்டியதுதான்.

அதனால் அண்ணனிடம் ஒரு சட்டம் இருந்தது. கொக்கி இறங்கிவிட்டால் கயிறு பிடித்தவன் மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். மற்றவர்கள் இருமக்கூட யோசிப்போம். பக்கத்தில் ஒருவன் 'மாட்டிக்கிச்சு போல' என்று சொன்னால் போதும், கை அதை நம்பிவிடும் என்பார். கயிறு பிடித்தவன் மாட்டிவிட்டது என்றால் மாட்டிவிட்டது. எதிர்ப்பேச்சு கிடையாது.

அண்ணன்தான் கயிறு பிடிப்பார். அவருக்குக் கை ஓய்ந்தால் பழனி பிடிப்பான்.

பழனி எனக்குப் பிறகு வந்தவன். இதைக் கவனித்துப் படியுங்கள், எனக்குப் பிறகு வந்தவன். பள்ளிக்கரணைக்காரன். நல்ல உயரம், எங்கே போனாலும் சிரித்துப் பேசுவான். வீட்டுக்கார அம்மாமார்கள் மோர் கொடுத்தால் அவன் கையில்தான் கொடுப்பார்கள். எனக்கு யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. தலையைக் குனிந்தபடி பைப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அது கிடக்கட்டும். அவன் கயிற்றைப் பிடித்தால் முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். கொக்கி சரியான இடத்தில் மாட்டும் நொடியில் அவன் வலது கையில் உள்ள ரோமம் அத்தனையும் எழுந்து நிற்கும். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை, காற்று வயலில் போவது போல ஏறும். பிறகுதான் அவன் 'மாட்டிக்கிச்சு' என்பான். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நானும் முயன்று பார்த்தேன். கடையில் யாருமில்லாதபோது கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்து நின்றிருக்கிறேன். என் கையில் ரோமமே குறைவு. இருந்ததும் எழவில்லை. குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் எழுந்தது. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

பொறாமை உடம்பில் எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டால் நாக்கில் என்பேன். பழனியின் கை சிலிர்க்கும்போதெல்லாம் என் நாக்கின் நுனியில் சுருக்கென்று ஏறும். சின்ன வயதில் டார்ச் லைட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அந்தப் புளிப்பு. காதும் அடைத்துவிடும். ரோட்டில் பஸ் போவது தெரியும், சத்தம் வராது. அடுத்த நொடி எல்லாம் திரும்பிவிடும். இது வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்னவென்று நினைப்பேன்?

வயிற்றெரிச்சல் பிடித்தவன் பார்ப்பது போல யாரும் பார்க்க முடியாது. அவன் கை எப்போது எழும் என்று காத்திருந்து காத்திருந்து, அவன் உடம்பு முழுவதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கை சிலிர்ப்பதற்குச் சற்று முன்னால் அவன் வலது காலின் கட்டைவிரல் மண்ணை அழுத்தும். செருப்பில்லாமல்தான் நிற்பான். விரல் அழுந்தும், நகம் வெளுக்கும், பிறகு ரோமம் எழும். அண்ணன் இதைப் பார்த்ததில்லை, கயிற்றையே பார்ப்பவர் அவர். பழனிக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

மேடவாக்கத்தில் ஓர் அப்பார்ட்மெண்ட். ஊரே தண்ணீருக்கு அலைந்த ஒரு கோடை. அங்கே இரண்டு போர். பின்பக்கத்தில் இருந்ததில் துருத் தண்ணீர். முன்பக்கத்து போரை நம்பித்தான் அத்தனை வீடும் இருந்தது. அதில் மோட்டார் கழன்று விழுந்துவிட்டது. லாரித் தண்ணீர் வரும் என்று சொன்ன நாளில் வருவதில்லை. வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

காலையில் வண்டியில் போகும்போது சாமுவேல் அண்ணன் எங்கள் இருவரிடமும் ஒன்று சொன்னார். சர்க்கரையால் அவருக்கு விரல் மரத்துப்போயிருந்தது. கயிறு கையில் இருப்பதே சில நேரம் தெரிவதில்லையாம்.

"இனிமே நான் புடிச்சா தப்பாப் போயிடும்பா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன். இன்னிக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

பழனி விசிலடித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கயிறு பிடிப்பவன் என்றால் அண்ணனுக்கு அடுத்தவன். கடையே ஒரு நாள் அவன் கைக்கு வரும். ஆனால் அதைவிட எனக்கு வேறு ஆசை. ஒரு தடவையாவது எல்லோரும் என் கையைப் பார்க்க வேண்டும்.

கொக்கி இறங்கியது. கயிறு பழனியிடம், செயின் என்னிடம். அண்ணன் துண்டின் மேல் முட்டி போட்டிருந்தார். அப்பார்ட்மெண்ட் செக்ரெட்டரி மேடம், ரிட்டயரான டீச்சர், குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடமும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தோம். பழனி தடவிக்கொண்டே இருந்தான். வெயில் ஏறியது. வியர்வை அவன் தாடையிலிருந்து சொட்டியது. கடைசியில் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ரோமம் எழுந்தது.

"மாட்டிக்கிச்சுண்ணா."

அண்ணன் என்னைப் பார்த்து இழு என்று கையைக் காட்டினார்.

என் நாக்கில் ஒன்றும் இல்லை. லாரி ஹாரன் கேட்டது. மாடியில் யாரோ மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது. பழனியின் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் தூக்கியபடி சும்மா இருந்தது. மண்ணை அழுத்தவே இல்லை.

செயினைப் பிடித்தபடி நின்றேன். இழுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை அப்படியே சொல்கிறேன். இன்று கயிறு யாருக்கு என்று முடிவாகும் நாள். இன்று நான் வாயைத் திறந்தால், இவன் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். வேறொருவன் இப்படிப் பேசினால் நானும் அதைத்தான் சொல்வேன். அதைவிட மோசம், உண்மையிலேயே பொறாமைதான் பேசுகிறதோ என்று எனக்கே தெரியவில்லை. என் கண் பார்த்ததா, என் ஆசை பார்த்ததா? சட்டம் வேறு இருக்கிறது. இழுத்துவிட்டால் என் மேல் ஒரு பழியும் வராது. மாட்டிவிட்டது என்று சொன்னவன் அவன்.

அந்த வாளிகள் கண்ணில் பட்டன.

"அண்ணா, மாட்டல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பழனி கண்ணைத் திறந்தான். "இன்னாடா மாட்டல? கயிறு என் கைல கீது. உனக்கு எங்கேர்ந்துடா தெரியும்?"

"கேபிளா இருக்கும்."

"வயித்தெரிச்சல்ணா இவனுக்கு. காலைல நீங்க சொன்னதுலேர்ந்து மூஞ்சியப் பாருங்க, வெந்துகினு கீது."

செக்ரெட்டரி மேடம், "சார், எனி ப்ராப்ளம்?" என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "மாரி, எதை வச்சுச் சொல்றே?"

நாக்கைப் பற்றிச் சொல்ல முடியுமா? "அவன் காலு…" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை.

பழனி சிரித்தேவிட்டான். "நான் கையால புடிச்சிகினு கீறேன், இவன் என் காலப் பாத்துகினு கீறான். ஏண்ணா, இவன வேலைக்கு வச்சிகினு…"

அண்ணன் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். குனிந்து, பழனியின் கைக்குக் கீழே கயிற்றைப் பல்லால் கடித்தார். விரல்தான் மரத்திருந்தது, பல் மரக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு மனிதர் கயிற்றைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டிருப்பதை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "தளர்த்து. மேல எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கொக்கியை விடுவித்து மேலே எடுத்தோம். கொக்கியின் வளைவில் கறுப்பாக ஒரு கேபிள் தோல் உரிந்து ஒட்டியிருந்தது. நான் செயினை ஒரு சுற்று இழுத்திருந்தால் கேபிள் அறுந்திருக்கும்.

பழனி போய்ச் சம்ப் மூடி மேல் உட்கார்ந்துவிட்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்காகக் காத்து நின்றேன். அண்ணன் கயிற்றை எடுத்தார்.

"பழனி, வா" என்றார்.

எனக்குக் காதில் அறைந்தது போல இருந்தது.

"மாரி, நீ செயினை விட்டுட்டு எதிர்ல உக்காரு. அவன் மாட்டிச்சுன்னு சொன்னா நீயும் சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னாத்தான் இழுக்கறது."

உட்கார்ந்தேன். கொக்கி மறுபடி இறங்கியது. பழனி என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் கட்டைவிரல் அசைந்து மண்ணில் புதைந்தது. நகம் வெளுத்தது. மிக்ஸிச் சத்தம் நின்றுபோனது. என் நாக்கில் பேட்டரி ஏறியது. அவன் கை சிலிர்க்கத் தொடங்கும்போதே நான் தலையை ஆட்டிவிட்டேன். அவன் அதற்குப் பிறகுதான் சொன்னான்.

சாயங்காலம் மோட்டார் வெளிச்சத்தைப் பார்த்தது. சேறு வழிய வழிய முக்காலியில் தொங்கியது. மேடம் எல்லோருக்கும் டீ வைத்துக் கொண்டுவந்தார். முதல் டம்ளர் பழனிக்கு.

திரும்பும்போது வண்டியில் அண்ணன் தன் முடிவைச் சொன்னார். கயிறு பழனியிடம் இருக்கட்டும், நான் எதிரில் இருக்க வேண்டும். காரணத்தையும் அவராகவே சொன்னார்: "உன்கிட்ட கயிறு குடுத்தா அப்புறம் நீ யாரைப் பாப்பே?"

அவர் சொன்னது நியாயம். இன்றும் அதில் குறை சொல்ல முடியவில்லை. அதனால்தான் மனம் ஆறவில்லை.

சில நாள் கழித்து டீக்கடையில் பழனி கேட்டான், எப்படிடா கண்டுபிடித்தாய் என்று. கோபமெல்லாம் அவனிடம் நிற்காது, அதுவும் அவனுக்குக் கிடைத்த வரம். அவனிடம் மட்டும் சொன்னேன். கட்டைவிரலைச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த முறை அவனே அதைக் கவனித்து அழுத்திவிடுவான். நாக்கைச் சொன்னேன். பேட்டரியை நாக்கில் வைத்தது போல ஏறும், வெளிச் சத்தம் அத்தனையும் நின்றுவிடும், உலகத்தில் அந்த ஒரு குழி மட்டும் இருப்பது போல இருக்கும் என்றேன். "இன்னா மச்சான், சாமி வந்தவன் மாதிரி பேசற" என்று சிரித்துவிட்டுப் போண்டாவைப் பிட்டான்.

அதன் பிறகு நான் ஆபரேஷனுக்குப் போகும் வரை அதே வேலைதான். அவன் கயிறு, நான் எதிரில். எத்தனையோ மோட்டார் எடுத்தோம். தவறாக ஒன்றையும் இழுத்ததில்லை. போன் வந்தால், அந்தக் கை சிலிர்க்கிறவர் வருவாரா என்று கேட்பார்கள். என்னைக் 'கூட வந்தவர்' என்பார்கள். சாமுவேல் அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு கடை பழனியிடம் வந்தது. எனக்குச் சம்பளத்தில் அவன் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. குறை வைத்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

இந்த வருடம் யாரோ ஒரு பையன் பழனியை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். என் மகள்தான் காட்டினாள். பள்ளிக்கரணையில் அவன் வீட்டு மாடி, பின்னால் சதுப்பு நிலம் தெரிகிறது. வெள்ளைச் சட்டை. கை சிலிர்க்கும்போது உங்களுக்குள் எப்படி இருக்கும் என்று அந்தப் பையன் கேட்கிறான். பழனி கொஞ்சம் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான்: "பேட்டரிய நாக்குல வச்ச மாதிரி ஏறும் சார். வெளிச் சத்தம்லாம் நின்னுடும். உலகத்துல அந்த ஒரு குழி மட்டும்தான் இருக்கும்."

அன்றே தாம்பரம் போய், பஸ் மாறி, அவன் வீட்டுக்குப் போனேன். பேரக்குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். வா மச்சான் என்று எழுந்துவந்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சண்டை எதுவும் வாயில் வரவில்லை. உனக்கும் அப்படித்தான் இருக்குமா என்று மட்டும் கேட்டேன்.

"எப்படி?"

"நாக்குல. வீடியோல சொன்னியே."

"அதா? எனக்கு இன்னா இருக்கும், தோள்பட்டை நோவும்" என்றான். "கை சிலிர்க்கறதே நீங்கள்லாம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குள்ள ஒண்ணும் தெரியாது மச்சான். கயிறு கனத்தா மாட்டிச்சுன்னு சொல்லுவேன், அவ்ளோதான். அந்தப் புள்ள எப்படி இருக்கும்னு கேக்குது. ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீ ஒரு தபா சொன்னியே, அத எடுத்து உட்டேன். நல்லா இருந்துச்சில்ல?"

நல்லா இருந்துச்சு என்றேன். வேறென்ன சொல்ல? இட்லி சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டேன்.

இத்தனை வருடம் நான் ஏங்கியது அவனுக்கு நடக்கவே இல்லை. நடந்ததெல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு. வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்து ஒதுக்கிய அந்தப் புளிப்புதான் அது. இது தெரிந்தால் மனம் அடங்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் மறுபடி அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் யாரும் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்சம் நிறுத்தி, அதே வார்த்தைகளை நானும் சொல்லிப் பார்த்தேன். என் வார்த்தைகள்தான். அவன் சொன்ன அளவுக்கு நன்றாக வரவில்லை.

ஊரப்பாக்கம்,
ஆவணி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.